இறுக்கி மூடிய போத்தல்

அம்மா,

குசினிக்குள் மாமி வசம்பு சுடுகிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாக்கில் தடவ வேண்டுமாம். அந்தக் கருகல் மணம் விறாந்தைக்கு வந்ததும், மடித்துக்கொண்டிருந்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். நான் அழுவதைக் கண்டால் மாமியும் சேர்ந்து அழத் தொடங்கிவிடுவார்.

வசம்பு என்றால் எனக்கு நீங்கள்தான். பேச்சுப் பயிற்சி ரீச்சர் என்று வட்டக்கச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஸ்கூட்டியில் திரிந்த உங்களிடம், பிள்ளைக்கு நாக்குத் திரும்பவில்லை, வசம்பு தடவிப் பார்த்தோம் என்று எத்தனை தாய்மார் சொன்னார்கள்! நீங்கள் ஒருவரையும் ஏசவில்லை. "தடவுங்கோ. ஆனால் தடவேக்கை பிள்ளையை மடியிலை வைச்சு, முகத்தைப் பார்த்து ஐஞ்சு நிமிஷம் கதையுங்கோ" என்பீர்கள். மருந்து அந்த ஐந்து நிமிடம்தான் என்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு மட்டும் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அப்பா இல்லாத வீடு நம்முடையது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய காலத்தில் எனக்குப் பதினொரு வயது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் அறைக்கு வந்துவிடுவேன். உடைந்த கதிரைகள் அடுக்கிய அறையில் பாதிதான் உங்களுக்குத் தந்திருந்தார்கள். அங்கே ஒரு சிறுமி இருப்பாள். சண்டைக்காலத்துச் செல்லடியில் பயந்து பேச்சை விட்டவள். நீங்கள் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும் வரைக்கும் சும்மா இருப்பீர்கள். மணி அடிக்கும், பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள், நீங்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருப்பீர்கள். எனக்குப் பசியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துவிடும். வீட்டில் என்னை "கெதியாச் சொல்லு, அடுப்பிலை சோறு" என்று அதட்டுகிற மனுஷிக்கு ஊரார் பிள்ளையிடம் மட்டும் எங்கிருந்து இவ்வளவு பொறுமை என்று ஒரு நாள் கேட்டும் விட்டேன். "உனக்குத்தான் வாய் இருக்கே, பிள்ளை" என்று தலையைத் தடவினீர்கள்.

அந்த வாயால்தான் பிறகு உங்களைச் சுட்டேன்.

கலியாணம் செய்து, துணுக்காயில் மாமியின் வீட்டுக்கு வந்தேன். மகள் பிறந்தாள். இரண்டரை வயதாகியும் அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர் என்று மாமி சமாதானம் சொல்லுவார், நானும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் நீங்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னீர்கள். பிள்ளைக்கு உதவி வேண்டும், காதையும் ஒருக்கால் சோதிக்க வேண்டும், இதில் நாளைக் கடத்தக் கூடாது. எனக்கோ, பெண்பிள்ளைக்குப் பேர் விழுந்துவிடும், மாமி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதுதான் தலைக்குள் ஓடியது.

"உங்கடை பள்ளிக்கூடத்து ஊமைப் பிள்ளையளோடை என்ரை பிள்ளையைச் சேர்க்காதேங்கோ. இனி இந்தக் கதையை இந்த வீட்டிலை எடுக்கக் கூடாது."

ஊமை என்ற சொல்லை உங்கள் முன்னால் ஒருவரும் சொல்லத் துணிந்ததில்லை. உங்கள் வயிற்றில் பிறந்த நான் சொன்னேன். நீங்கள் வாளியைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு, "சரி பிள்ளை, எடுக்க மாட்டன்" என்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமை கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறி வந்தீர்கள். அதற்கடுத்த சனியும் வந்தீர்கள். சொன்னபடி அந்தக் கதையை எடுக்கவே இல்லை. பயத்தம் பணியாரம் போட்ட பிளாஸ்டிக் போத்தலை மூடி இறுக்கியபடியே மகளின் கையில் கொடுப்பீர்கள். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும், திறக்கத் தெரியாது. திருகிப் பார்ப்பாள், சிணுங்குவாள். நீங்களோ ஏதோ யோசனையில் இருப்பவர் மாதிரி அவள் முகத்துக்கு நேரே குந்தியிருப்பீர்கள். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சோறு போட மறப்பீர்கள். ஒரு காலுக்குச் செருப்பைப் போட்டுவிட்டு மற்றதைக் கையிலேயே வைத்திருப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போத்தலைப் பறித்துத் திறந்து கொடுத்துவிட்டு, "அறளை பேந்திட்டுதோ அம்மா உங்களுக்கு?" என்று கத்துவேன். "ஓமடி, இப்ப எல்லாம் மறந்து மறந்து போகுது" என்று சிரிப்பீர்கள். மாமியும் சிரிப்பார். அடுத்த கிழமை போத்தல் திரும்பவும் இறுக்கி மூடித்தான் இருக்கும். உங்களை ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கோ.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தால் வந்து நெஞ்சு நோகிறது என்று படுத்த நீங்கள் எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு நீங்கள் பேசப் பழக்கிய பிள்ளைகள் வளர்ந்த ஆட்களாக வந்து, ரீச்சர் ரீச்சர் என்று கத்தி அழுதார்கள். என் பிள்ளை ஒரு சத்தமும் இல்லாமல் என் இடுப்பில் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அவளைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இனி எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்று பயந்துவிட்டேன். காது சுகம் என்றார்கள். பிறகு உங்கள் வேலையைச் செய்கிற ஒரு இளம் பெண்ணிடம் அனுப்பினார்கள். உங்களை அறியாதவள். அவள் ஒரு போத்தலுக்குள் சின்னப் பொம்மை ஒன்றைப் போட்டு, இறுக்கி மூடி, மகளிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். மகள் சிணுங்கவில்லை. போத்தலை அந்தப் பெண்ணின் கையில் திருப்பி வைத்து, முகத்தை நேரே பார்த்து, "தா" என்றாள்.

"இவவுக்கு ஆரோ முந்தியே பழக்கியிருக்கினம், அக்கா. நல்லாத் தெரிஞ்ச ஆள். ஆர் அது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அறளை பேந்த கிழவி என்ற பேரை வாங்கிக்கொண்டு, என் கண் முன்னாலேயே என் பிள்ளைக்கு வாய் திறந்து கேட்கப் படிப்பித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பாய்ந்து மூடியைத் திறந்து, அவள் வாய் வரை வந்ததைக் கெடுத்திருக்கிறேன். அம்மா, நான் கடைக்குப் போன ஒரு சனிக்கிழமை அவள் உங்களுக்கு "தா" என்று சொன்னாளோ? நீங்கள் கேட்டீர்களோ? கேட்டிருந்தாலும் ஓடி வந்து எனக்குச் சொல்ல நான் விடவில்லையே. அந்தச் சந்தோஷத்தைக்கூட உள்ளுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனீர்களோ? இதைக் கேட்க இனி ஆளில்லை.

அவளுக்கு இப்போது ஐந்து வயது. வாய் ஓயாது. போன கிழமை முன்பள்ளி வாசலில் ஒரு தாய், பேசாத தன் மகளைப் பின்னால் மறைத்தபடி நின்றாள். நான் கிட்டப் போய், எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன்: "என்ரை மகளும் கதைக்காமல் இருந்தவா. என்ரை அம்மாதான் பழக்கினவா. நான் அவவைத்தான் அறளை எண்டு ஏசினனான்." பக்கத்தில் நின்ற மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அந்தத் தாய் பிள்ளையை முன்னால் விட்டாள். எங்கே போக வேண்டும், யாரைக் காண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

முன்பின் தெரியாதவளிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது. நீங்கள் முப்பது சனிக்கிழமையாவது எனக்கு முன்னால் இருந்தீர்கள், அம்மா. அதில் ஒன்றிலாவது, கிணற்றடியில் சொன்னது பிழை என்று நான் உங்களிடம் சொல்லியிருக்கலாம்.