கரண்டு வராத தெருவில் ரேடியோ

தொண்டி
5-6-1958

அன்புள்ள மச்சானுக்கு ஹமீதா பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தை அறியத்தான் வழியில்லை. கொழும்பில் கலவரம் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். அதன்பின் தபாலே இல்லை. மாமா தினமும் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டு வருகிறார். விசாரித்தால், “அங்கன எல்லாம் அமைதியாத்தான் இருக்கு” என்பதோடு சரி. அப்படிச் சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போகிறார். எப்படி நம்புவது?

மற்றவர்கள் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு நஸீராவோடு துப்பட்டி போர்த்திக்கொண்டு போய், பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்சுவர் ஓரம் நின்று செய்தி கேட்டேன். ஊரடங்கு என்றார்கள். தங்கள் பெயர் அதில் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் முடியும்வரை நின்றேன். மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. “நம்ம வீட்டுப் பொம்பளைக்கு ரோட்டுல என்ன சோலி?” என்று மாமியிடம் கேட்டார். என்னிடம் பேசுவதில்லை.

ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள்
ஹமீதா


கொழும்பு
19-6-1958

அன்பு ஹமீதாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

அல்லாஹ் கிருபையால் எனக்கு ஒன்றுமில்லை. கடைக் கதவை உடைத்தார்கள். நாங்கள் முதலாளி வீட்டு மாடியில் இருந்தோம். இப்போது கடை திறந்தாகிவிட்டது.

வாப்பாவும் எழுதியிருந்தார். நீ செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. நம் தெருவுக்குக் கரண்டு எப்போது வருமோ, அதுவரை காத்திருக்க வேண்டாம். பாட்டரியில் ஓடும் ரேடியோ இங்கே கிடைக்கிறது. கூரைமேல் ஒரு கம்பி இழுத்துக் கட்டினால் போதும். என்னோடு கடையில் நிற்கும் சுஐபு ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன். ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், அதை வாப்பா எடுத்துக்கொள்வார். இனி வீட்டிலிருந்தே கேள்.

சதக்


தொண்டி
2-9-1958

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

ரேடியோ வந்தது. சுஐபு கம்பி கட்டிக் கொடுத்தார். மாமா அதை முன்கூடத்தில் வைத்திருக்கிறார். செய்தி நேரத்துக்குத் தெரு ஆண்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்குத் தேநீர் போடுகிறேன். செய்தி தொடங்கியதும் அவர்கள் பேச்சும் தொடங்கிவிடும். திரைக்குப் பின்னால் எனக்கு இருமல்தான் கேட்கிறது. கொஞ்ச நேரம் உள்ளறையில் வைக்கக் கேட்டேன். “பாட்டரி தீந்துபோகும்” என்றார். பஞ்சாயத்துச் சுவர் ஓரம் தெளிவாகக் கேட்டது.

மச்சான், நான் ரேடியோ வேண்டும் என்று எழுதவில்லை. தாங்கள் இங்கே வந்துவிடுங்கள், அல்லது என்னை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். கலியாணமான வருஷத்திலிருந்து கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

ஹமீதா


கொழும்பு
28-9-1958

ஹமீதாவுக்கு, ஸலாம்.

தொண்டியில் கடை போட்டு யாருக்கு விற்பது? குடும்பத்தை இங்கே கூட்டிவர அனுமதி கிடைப்பதும் சுலபமில்லை. பார்க்கலாம்.

நீ எழுதியதை யோசித்தேன். காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று இருக்கிறது. ரேடியோவில் செருகிவிட்டால் உனக்கு மட்டும் கேட்கும், யார் பேச்சும் தொந்தரவு செய்யாது. தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும், சொல்.

சதக்


இராமநாதபுரம்
11-1-1959

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கருவி வந்தது. அதன் வயர் ஒரு முழம்தான். ஆண்கள் நடுவே போய் உட்கார்ந்தால்தான் காதில் மாட்ட முடியும். மாமா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் இங்கே என் கூடப்பிறந்த காக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். “செய்தி கேக்கவா போற?” என்றார். ஆமாம் என்றேன்.

இங்கே கரண்டு இருக்கிறது. ரேடியோ அடுப்படியை ஒட்டிய அறையில் ஓடும். வந்த புதிதில் கொழும்பு என்ற சொல் காதில் விழுந்தால் கைவேலை அப்படியே நின்றுவிடும். நேற்று அந்த ஊரைப் பற்றி ஏதோ சொன்னார்கள். நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். அரிந்து, கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி வைத்த பிறகுதான் என்ன சொன்னார்கள் என்று கவனிக்காமல் விட்டது தெரிந்தது. காக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு கோபமில்லை. இனிக் கடிதம் தாமதமானாலும் பரவாயில்லை.

ஹமீதா பானு