ஒலியில்லாத ஜன்னல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வராது. அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து, போனில் அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

பள்ளி விட்டதும் இப்போதெல்லாம் அம்மாவின் அலுவலகத்துக்குத்தான் போகிறேன். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எத்தனையோ மாடி. இந்தக் கிளைக்கு டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு மாடி. ஆனால் சாயங்கால வெயில் மேசைகள் மேல் வந்து படுத்துக்கொள்ளும்போது, கணினிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரியும். மென்பொருளில் பிழை தேடுகிற அண்ணனுக்கு இங்கே 'குத்தம்' என்று பெயர். டீயில்கூடக் குத்தம் கண்டுபிடிப்பார். நேற்று என் கட்டுரையைக் காட்டினேன். "கடைசி பாரா கவுந்துடுச்சு, மறுபடி ஓட்டிப் பாரு" என்றார்.

தேநீர் அறைச் சுவரில் இருக்கும் ஆளுயரத் திரையை இங்கே எல்லோரும் ஜன்னல் என்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் அதே போல ஒன்று இருக்கிறது அல்லவா? இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அணைக்காமலே வைத்திருக்கிறார்கள். ஒலி மட்டும் கிடையாது. எங்களுக்குப் பொழுது சாயும்போது உங்களுக்கு விடிகிறது. ஈரக் குடைகளோடு உங்கள் ஆட்கள் வருகிறார்கள், வாய் அசைகிறது, சிரிக்கிறார்கள். மீன்தொட்டியைப் பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தொட்டிக்குள் இருப்பது அவர்களா நாங்களா என்றுதான் தெரியவில்லை.

இங்கே மூத்த பொறியாளர் இடம் காலியாக இருக்கிறது. அம்மாவும் மேலாளரும் நேர்காணல் நடத்துகிறார்கள். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களும் மாற்றல் கேட்கலாம். நீங்கள் கேட்கவில்லை. போன மாதம் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில், "அந்தச் சின்ன ஆபீஸ்ல வந்து நான் என்ன பண்றது" என்று நீங்கள் சொன்னதும், "உங்கள யாரு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சா" என்று அம்மா போனை வைத்ததும் எனக்குக் கேட்டது. நான் பக்கத்து அறையில் கணக்குப் போடுவதாக நினைத்திருப்பீர்கள். போட்டது எல்லாம் தப்பு.

இன்று ஒருவரை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அவர் உள்ளே போனதும் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் ஜன்னலுக்கு ஓரமாக, மூலைச் சோபாவில் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் அசையாவிட்டால் இங்கே விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். படிப்பில் நான் அவ்வளவு ஆழ்ந்துபோயிருந்தேன் போலும், அணைந்துவிட்டன.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், அப்பா. உங்கள் பக்கத்திலும் யாரும் இல்லை. தோள்பையைக்கூட இறக்கவில்லை. இங்கே ஆளே இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். தேநீர் அறையின் திறந்த கதவு வழியே, திரை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்த அம்மாவின் நாற்காலியையும் அதில் தொங்கிய நீலச் சால்வையையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். பிறகு ஒரு விரலைத் திரையில் வைத்தீர்கள். நான் கொஞ்சம் அசைந்தால் போதும், விளக்கு எரிந்துவிடும், நீங்கள் போய்விடுவீர்கள். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

நேர்காணல் அறைக் கதவு திறந்ததும் பளிச்சென்று வெளிச்சம். நீங்கள் சட்டென்று குனிந்து ஷூ கயிறு கட்டுவது போல நடித்துவிட்டு நடந்துவிட்டீர்கள். உங்கள் ஷூவுக்குக் கயிறே கிடையாது அப்பா.

வந்தவர் போன பிறகு மேலாளர், "இவரையே எடுத்துடலாமே" என்றார். அம்மா, "நல்லாத்தான் பண்ணினார். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் தேதி குடுத்திருக்கோமே, அதுக்குள்ள என்ன அவசரம்" என்றாள். டீ ஆறும்வரைகூடப் பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற அம்மா இப்படிச் சொன்னாள். மேலாளர் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடி வைத்தார்.

அவள் உங்களைக் கேட்க மாட்டாள். நீங்களும் அவளைக் கேட்க மாட்டீர்கள். அதனால் நான் கேட்கிறேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். சொந்தக்காரர் விண்ணப்பித்தால் கேள்வி கேட்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே விதி. மேலாளரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா அந்த அறையிலேயே இருக்க மாட்டாள், நீங்கள் எழுதுவதையும் பார்க்க மாட்டாள். இந்தக் கிளைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். உங்களுக்கு ஒரு வரி போதும். உண்மையையே எழுதுங்கள், அப்பா.

காலையில் வெறும் வயிற்றோடு காபி குடிக்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
நீங்கள் 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடும் உங்கள் மகள்