பன்னுக்காரருக்குப் பகல் ஷிப்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ரயிலில் நெட்டைக்காரி கேட்டாள். எங்கள் லாண்டரியில் போன வாரம் சேர்ந்தவள். என்னோடு சேர்ந்து விரிப்பு மடிக்கிற ஜோடி இப்போது அவள்தான்.

"தினம் பிளாட்பாரத்துல ஒருத்தர் கையில சாவி குடுக்கறீங்களே, யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரர்."

"ஏன், வீட்ல பாக்க மாட்டீங்களா?"

"எங்கடி பாக்கறது? அவர் கிழக்க போற ரயிலு, நான் மேக்க போற ரயிலு."

அப்புறம் விவரமாகச் சொன்னேன். இவருக்குக் கிழக்கே இருக்கிற பெரிய ஊரில் ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை. எனக்கு மேற்கே இருக்கிற பெரிய ஊரில் பகல் வேலை. நடுவில் வெங்காய வயலும் எங்கள் வீடும். காலையில் அவர் இறங்கும்போது நான் ஏறுவேன், சாயங்காலம் நான் இறங்கும்போது அவர் ஏறுவார். இருக்கிறது ஒரே சாவி. லீவு நாளும் சேராது. எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். புதன் ராத்திரி அவர் விழித்திருப்பார், நான் அசந்து தூங்கிவிடுவேன்; ஞாயிறு பகலில் அவர் தூங்கட்டும் என்று நான் துணி மூட்டையோடு வெளியே போய்விடுவேன். மகள்கூட அப்படித்தான் வளர்ந்தாள், பகலுக்கு அப்பா, ராத்திரிக்கு அம்மா என்று.

"அப்ப எப்பக்கா பேசிப்பீங்க?"

"அதான் ரயில் லேட்டா வரணும்னு வேண்டிக்கறேன். ஊரே திட்டுது, நான் மட்டும் சந்தோஷப்படறேன்."

பெட்டியே சிரித்தது. நானும்தான்.

மார்ச் 6, வியாழன்

இந்த ஊரில் பாதிப் பேர் ரயிலில்தான் குடியிருக்கிறோம். பகலில் தெருவில் நடந்தால் நாயும் கோழியும்தான் நலம் விசாரிக்கும்.

மார்ச் 8, சனி

சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டு இவர் நகராமல் நின்றார். முகத்தில் ஏதோ. "என்ன, ரொட்டி கருகிடுச்சா?" என்றேன்.

"பகல் ஷிப்டுல பேக்கிங்குக்கு ஆள் இல்லையாம். திங்கள்லேர்ந்து என்னைய வரச் சொல்றாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாருங்க, பிடிக்கலேன்னா ராத்திரிக்கே திரும்பிக்கலாம்னு சூப்பர்வைசர் சொன்னார்."

அதற்குள் அவர் ரயில் வந்துவிட்டது. கையைக் காட்டிக்கொண்டே போனார்.

அப்படியென்றால் ராத்திரி இவர் வீட்டில் இருப்பார். தினமும். சாப்பாட்டைக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில்! வெட்கமாக இருக்கிறது எழுதவே.

மார்ச் 10, திங்கள்

முதல் நாளே கூத்து.

காலையில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பி, சேர்ந்து பூட்டி, சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரத்து டீக்காரர், "என்ன, ஜோடியா? ஊர்ல ஏதாவது விசேஷமா?" என்றார். கிழக்கே போகிற ரயில் முதலில் வந்தது. என் கை பாட்டுக்குச் சாவியை நீட்டியது. அவர் கை பாட்டுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. அவர் ஏறிப் போய்விட்டார். நானும் என் ரயிலில் ஏறிவிட்டேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் புத்தி வந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கொசுவுக்கு நல்ல விருந்து. இருட்டின பிறகுதான் இவர் வந்தார்.

"நீ எதுக்குக் குடுத்த?"

"நீங்க எதுக்கு வாங்கனீங்க?"

அப்புறம்தான் பூட்டைத் திறந்தார்.

மார்ச் 12, புதன்

கடைத்தெருவில் இன்னொரு சாவி செய்து வாங்கி வந்தேன். இவரிடம் கொடுத்தால், உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"அப்ப இனிமே ஸ்டேஷன்ல குடுக்க வேணாமா?"

"வேணாமே. உங்க ஊருக்கு நீங்க, எங்க ஊருக்கு நாங்க."

சும்மா சொன்னதுதான். முகம் சுண்டிப்போய்விட்டது. சாவி இல்லாமல் வெளியே உட்கார்ந்தவள் நான், சுண்டுவது அவர் முகம்!

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்குள் இவருக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி கட்டில் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பெருக்கினால் எழுந்து நிற்கிறார். சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வந்து வாசலில் நின்று, "ஏதாவது செய்யணுமா?" என்கிறார். உப்பு எடுங்கள் என்றேன். உப்பு எது, சோடா உப்பு எது என்று தெரியவில்லை. பகல் முழுக்க இந்த வீட்டில் தூங்கின மனுஷன், தூங்கினது மட்டும்தான் போலிருக்கிறது.

எனக்கும் தெரியாதது இருக்கிறது. இவர் குறட்டை விடுவார் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரியும். கல்யாணமான புதுசில் விட்டாரா? நினைவில்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை ஆளில்லாத வீடு ஒண்டியாகக் கேட்டிருக்கிறது.

தூக்கத்தில் கை இரண்டும் அசைகிறது. மாவு பிசைகிறார்.

மார்ச் 17, திங்கள்

பிளாட்பாரத்தில் இன்றைக்கு நல்ல கூட்டம். டீக்காரர், "எப்படி இருக்கு புது வாழ்க்கை?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"புதுசா ஒரு குடித்தனக்காரர் வந்திருக்கார். வாடகையும் குடுக்க மாட்டேங்கறார், காலி பண்ணவும் மாட்டேங்கறார். பன்னு மட்டும் கொண்டு வர்றார்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பன்னுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இவரும் சிரித்தார், அந்தப் பாதிச் சிரிப்பு. அது தூக்கக் கலக்கத்தில் வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது இவர் ராத்திரி தூங்குகிறாரே?

மார்ச் 18, செவ்வாய்

தலைவலி.

மார்ச் 21, வெள்ளி

மகள் போன் பண்ணினாள். "அப்பா வீட்ல இருக்காராமே, ஜாலியா?" என்றாள். ஜாலிதான் என்றேன். "அப்புறம் ஏம்மா மெதுவா பேசற?" என்கிறாள். இவர் பக்கத்து அறையில் இருக்கிறார், அதனால் மெதுவாகப் பேசுகிறேன். சொந்த வீட்டில், சொந்தப் புருஷனுக்கு!

மார்ச் 25, செவ்வாய்

இவர் ரயில் போன பிறகு டீக்காரர் என்னைக் கூப்பிட்டார். தம்ளரைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டே கேட்டுடலாம்னு இருக்கார்."

"ஏனாம்?"

"'நான் வீட்ல இருக்கறது அவளுக்கு இடைஞ்சலா இருக்கு, வெளிய சொல்ல முடியாம கிண்டலாச் சொல்றா'ங்கறார்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்கே!

ரயிலில் நெட்டைக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேலையில் விரிப்பின் நுனியைக் கை நழுவவிட்டு இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

இடைஞ்சலா? நானா அப்படி நினைத்தேன்? இவர் வருகிற செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். அது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது சொன்னேனா? ரயில் வருகிறவரைக்கும் இருந்தது கொஞ்ச நேரம். அதற்குள் இவரை ஒரு தடவை சிரிக்க வைத்து அனுப்பினால் போதும் என்று இருந்தேன். அது பழகிப்போய்விட்டது. இப்போது முழுசாக ஒரு சாயங்காலத்தைக் கையில் கொடுத்தால் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கிண்டல் தவிர வேறு சரக்கு இல்லை என்னிடம்.

போகட்டுமே, ராத்திரிக்கே போகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். முடியலை. முடியவே இல்லை.

மார்ச் 28, வெள்ளி

சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக வாயைத் திறக்கிறேன். திறந்தால் வேடிக்கைதான் வருகிறது. இன்றைக்குக்கூட "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, அவர் நிமிர்ந்து பார்த்ததும், "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று முடித்தேன். நிஜமாகவே திருப்பித்தான் போட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

பகல் ஷிப்டில் இவருக்கும் ஞாயிறு லீவு. துணி காயப்போட்டு எடுத்தோம். பெரிய போர்வையை மடிக்க ஒரு நுனியை இவரிடம் கொடுத்தேன். நான் இழுத்தால் இவரும் இழுக்கிறார். நான் கிட்டே வந்தால் இவர் பின்னால் போகிறார்.

"நான் வர்றப்ப நீங்களும் வரணுங்க. அப்பதான் மடிப்பு விழும்."

வந்தார். கையோடு கை பட்டு நுனியை வாங்கினேன். அப்போதே சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது. போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க வீட்ல இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு."

இவர் காத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு எங்கே வருகிறது என்று பார்க்கிறார்!

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"கிண்டல் பண்றியா?"

"இல்லங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அப்புறமும் காத்திருந்தார் பாவம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் நம்பினார் போல. போர்வையை மறுபடி விரித்துவிட்டார், பதற்றத்தில். "எனக்கு இங்க என்ன எங்க இருக்குன்னே தெரியல. உன் வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்ட மாதிரி இருக்கு" என்றார். எவ்வளவு நாளாக இதைச் சுமந்துகொண்டிருந்தாரோ.

"எனக்கும்தான் உங்களப் பத்தி ஒண்ணும் தெரியல. கத்துக்கிட்டா போச்சு," என்றேன்.

போர்வையை இரண்டாம் தடவை ஒழுங்காக மடித்தோம்.

மார்ச் 31, திங்கள்

சாயங்காலம் வந்தவரிடம், "சூப்பர்வைசரைப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். சொல்லிட்டேன்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே சாப்பிட்டேன். இவரும் சொல்லாமலே சாப்பிட்டார். அழுத்தக்காரர்.

ஏப்ரல் 1, செவ்வாய்

விடியற்காலையில் குறட்டை நின்றது. எழுந்து வெளிச்சத்தில் சட்டையைத் திருப்பிப் பார்த்துப் போட்டுக்கொண்டு, "கெளம்பலாமா?" என்றார். என்னோடு.

ஏப்ரல் 9, புதன்

உப்பு எது என்று தெரிந்துவிட்டது. சோடா உப்பு எது என்றும் தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 19, சனி

நேற்று மழையில் நனைந்ததில் இரண்டு பேருக்கும் ஜலதோஷம். ஒரே நேரத்தில்! முன்பெல்லாம் இவருக்கு வந்து போன பிறகு, "போன வாரம் இருமல்" என்று பிளாட்பாரத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவர் தும்மினால் நான் தும்முகிறேன், எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

இரண்டு பேரும் லீவு. கிழக்கே போகிற ரயிலும் போய்விட்டது, மேற்கே போகிறதும் போய்விட்டது. யார் எழுந்து வெந்நீர் வைப்பது என்று காலையிலிருந்து சண்டை. எனக்குத்தான் காய்ச்சல் அதிகம் என்கிறேன். இவர் கையை என் நெற்றியில் வைத்து, தன் நெற்றியிலும் வைத்து, தனக்குத்தான் அதிகம் என்கிறார். வைத்த கையை எடுக்கவும் இல்லை.

வெந்நீர் இன்னும் யாரும் வைக்கவில்லை.