இமையாளும் வரிசையில் நிற்க வேண்டும்

2 மார்ச் 2025

இன்றும் ஒரு டத்தோ, அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வரிசையைத் தாண்டினார். தாண்டியது அவர் இல்லை, அவருடைய டிரைவர். கோலா கெடா படகுத்துறையில் லங்காவி டிக்கெட் கவுண்டர் என்னுடையது. கைக்குழந்தைக்காரி, தடியூன்றிய சீனக் கிழவர் என்று எல்லாரும் நிற்கிறார்கள். இவன் பக்கவாட்டில் தலையை நீட்டி, "அக்கா, டத்தோ வெயில்ல நிக்க முடியாது லா" என்றான். மற்றவர்களெல்லாம் வெயில் காய வந்தவர்களாக்கும். கொடுத்தேன். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கொடுக்காமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலிலேயே நாவலில் ஓர் அத்தியாயம் எழுதினேன். கடல் ஏறிவந்து எங்கள் கெடா மாநிலத்தை விழுங்கிய பிறகு, மிஞ்சியவர்கள் ஜெராய் மலைச் சரிவில் வாழ்கிறார்கள். காற்று கெட்டுவிட்டது. தினமும் காலையில் வரிசையில் நின்று மூச்சுக் குப்பியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் தலைவி இமையாள். தூங்க மாட்டாள். புயல் வருவது முதல் நாளே அவள் காதுக்குக் கேட்டுவிடும். கடல் சுவர் சரிந்தால் தோள்கொடுத்து நிறுத்துவாள். அவளும் குப்பிக்கு வரிசையில் நிற்க வேண்டுமா என்பதுதான் கதை.

ரஃபேல் அண்ணன்தான் முதல் வாசகர். வேறு வேலை இல்லை, பாவம். சிறுநீரகம் இரண்டும் போய், நெல் ஆலை லாரியை விட்டு இறங்கியதிலிருந்து என்னோடுதான் இருக்கிறார்.

"ஊரையே தாங்குறவளப் போயி லைன்ல நிக்கச் சொல்றியே அகத்தா, கிறுக்கா உனக்கு?"

"இன்னிக்கு அவளுக்கு முதல் குப்பி. நாளைக்கு அவ மகனுக்கு. அப்புறம் மகனோட டிரைவருக்கு" என்றேன்.

சிரித்தார். சிரித்தாலே இப்போது மூச்சு வாங்குகிறது.

5 மார்ச்

சாம்பல் புதன். தேவாலயத்தில் எல்லாரும் மண்தான் என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார்கள். முக்கியமான மண்ணுக்கு முன்வரிசையில் நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள்.

16 மார்ச்

முடிவை எழுதிவிட்டேன். இமையாள் வரிசையில் நிற்கிறாள். அதனால் சுவருக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. சில பிள்ளைகள் தண்ணீரில் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை, இனி நீ நிற்க வேண்டாம் என்று மக்கள் சொல்வார்கள் என எதிர்பார்க்கிறாள். மகனைப் பறிகொடுத்த ஒருத்தி குப்பியோடு வந்து வரிசையில் நிற்கிறாள். தனக்குப் பின்னால் உள்ள இடத்தை இமையாளுக்குக் காட்டுகிறாள். இமையாள் போய் நிற்கிறாள். அவ்வளவுதான்.

அண்ணன் படித்துவிட்டுக் காகிதங்களை மடியில் போட்டார். "ஒத்துக்க முடியல. அவள முன்னால விட்டிருந்தா அந்தப் புள்ளைங்க பொழைச்சிருக்கும்ல?"

பிழைத்திருக்கும். எனக்கும் தெரியும். விலையில்லாத நியாயம் என்றால் டத்தோக்கள்கூட ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்வார்களே.

எழுத்தாளர் சங்கத் தலைவர் டத்தோ திவாகரனுக்கு அனுப்பிவிட்டேன். சங்கம்தான் புத்தகமாகப் போட வேண்டும்.

30 மார்ச்

நாளை ஹரிராயா, நோன்புப் பெருநாள். துறையில் கால் வைக்க இடமில்லை. நடுவில் பக்கத்து வீட்டிலிருந்து போன், அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறது என்று. ஓடினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மெஷின் காலியாக இருந்தால்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். நிரந்தர இடம் வேண்டும் என்றால் டவுனில் உள்ள தர்ம டயாலிசிஸ் மையம்தான். அங்கே காத்திருப்போர் பட்டியலில், ஓர் இடம் காலியானால் முதலில் பிச்சையம்மாள் என்கிற அம்மாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு.

அந்த அம்மாவும் இன்று வராந்தாவில் இருந்தார். செமிலிங் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர். வைத்தியத்துக்காக மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. "தண்ணி கூடாதாம், நர்ஸ் மிஸ்ஸி ஐஸ்கட்டி குடுத்தா. தம்பி, நீயும் ஒண்ணு வாயில போட்டுக்க" என்று காகிதக் கோப்பையை அண்ணனிடம் நீட்டினார். இருவரும் பிள்ளைகள் மாதிரி உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஒருவழியாக இருவருக்கும் மெஷின் கிடைத்தது.

4 ஏப்ரல்

டத்தோ திவாகரன் அழைத்தார். தர்ம மையத்துக்கும் அவர்தான் தலைவர். யாரோ இறந்து ஓர் இடம் காலியாம்.

"சமுதாயத்துக்காக எழுதுறவங்க நீங்க. உங்க அண்ணனுக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்னம்மா தலைவர்? திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

பிச்சையம்மாள் இருக்கிறாரே என்றேன். "அவங்கள அடுத்ததுல பாத்துக்கலாம்."

நான் எந்தச் சுவரைத் தாங்கினேன்? டிக்கெட் கிழிக்கிறவள். ஆனாலும் "நன்றி டத்தோ" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

6 ஏப்ரல்

அண்ணன் வரமாட்டேன் என்கிறார்.

"இமையாளுக்கே லைன்தான்னு எழுதினியே. நான் யாரு? லாரிக்காரன். அந்தம்மா எனக்கு முன்னால."

"அது கதைண்ணே!"

"அப்ப எதுக்கு எழுதின?"

7 ஏப்ரல்

போகவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்று டத்தோவிடம் பொய் சொன்னேன். வியாழன்வரை இடத்தை வைத்திருப்பாராம்.

என்னத்துக்கு எழுதித் தொலைச்சேன்? ஊர் உலகத்துல ஒருத்தரும் படிக்காத கதைய இந்த மனுஷன் மட்டும் வேதமா எடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. இத்தன நாளா என்கூடச் சண்டை போட்டாரே, தலைவிக்குச் சலுகை வேணும்னு? தனக்குன்னு வந்ததும் மட்டும் நியாயமாம். முகமெல்லாம் ஊதிப்போச்சு. செத்துப்போனா கல்லறையில என்ன எழுதுறது — வரிசைப்படி செத்தார்னா? ஆண்டவரே, எனக்கு அண்ணன் வேணும். நியாயம் வேணாம்.

9 ஏப்ரல்

முடிவை மாற்றிவிட்டேன். இப்போது மகனைப் பறிகொடுத்தவள் இமையாளின் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள். "நீ பிழைத்தால்தான் நாங்கள் பிழைப்போம்" என்கிறாள். கூட்டம் விலகி வழிவிடுகிறது. எழுத அதிக நேரம் ஆகவில்லை. பொய் எழுதக் கை என்னமாய் ஓடுகிறது! பழைய முடிவை அழித்தேன், சங்கத்துக்கும் இதையே அனுப்பினேன். அச்சில் பழையதைப் பார்த்தால் அண்ணன் மறுபடி முறுக்கிக்கொள்வார்.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி. யோசிச்சுப் பாத்தேன்" என்று அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"சரி. நாளைக்குப் போவோம்."

18 ஏப்ரல்

பெரிய வெள்ளி. அண்ணன் சிலுவைப்பாதை முழுவதும் நடந்தார். நடந்தார்! வீக்கம் வடிந்துவிட்டது. கடைசியில் சிலுவையை முத்தமிட எல்லாரும் வரிசையில் போனார்கள். நான் போகவில்லை.

27 மே

மையத்தில் காஞ்சனா மிஸ்ஸி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். பிச்சையம்மாள் போன வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். "அடுத்த இடம் காலியாகவே இல்லக்கா" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அண்ணனிடம் நான் வாய் திறக்கவில்லை.

11 ஜூலை

என் புத்தக வெளியீடு. பத்து மணிக்கு என்று அழைப்பிதழ். டத்தோ திவாகரன் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதுவரை இரண்டு பேர் பாடினார்கள், ஒருவர் எனக்குத் தெரியாத என் சிறப்புகளைப் பேசினார். டத்தோ நுழைந்ததும் மேளம். முதல் நூலை அவரே பெற்றுக்கொண்டார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"விஞ்ஞானக் கதைதான், ஆனா நம்ம கதை. தலைவனுக்கு உரிய மரியாதைய மக்களே கையப் பிடிச்சுக் குடுக்கணும். கடைசிப் பக்கத்துல அகத்தா அத எவ்வளவு அழகாச் சொல்லிட்டாங்க!" என்றார். கைதட்டல் நிற்கவில்லை. மார்ச்சில் அனுப்பிய பிரதியை மனிதர் தொடவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. எனக்கும் அண்ணனுக்கும் விஐபி மேசை. நெய்ச்சோறு, கோழிப் பெரட்டல். வெட்கமாக இருந்தது. பசியும் இருந்தது. சாப்பிட்டேன்.

17 ஜூலை

காலையில் பசியாறும்போது அண்ணன் என் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிச்சையம்மா போயிட்டாங்க. காஞ்சனா எனக்கும் அப்பவே சொல்லிட்டா."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"இந்த முடிவ நீ எனக்காகத்தான் மாத்தினன்னு அன்னிக்குப் படிக்கும்போதே தெரியும். உன் எழுத்து மாதிரியே இல்ல."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பயம் அகத்தா. வேணாம்னு சொன்னது வெறும் வீராப்பு. ரெண்டு நாள்ல அடங்கிப்போச்சு. நீ காகிதத்த நீட்டாட்டியும் அன்னிக்கு நானே சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பியிருப்பேன். நீ நீட்டினியா... பாரத்த உன் மேல போட்டுட்டேன்."

அப்படியென்றால் நான் எதற்காகக் கதையைக் கெடுத்தேன்? பழைய முடிவு இப்போது எங்கேயும் இல்லை. அச்சடித்த ஒவ்வொரு பிரதியிலும் கூட்டம் விலகி வழிவிட்டுக்கொண்டிருக்கிறது. தட்டைத் தூக்கி அவர் மேல் எறியலாமா என்று வந்தது. அழுகையும் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், முகத்தில் நல்ல நிறம், வீக்கம் கொஞ்சமும் இல்லை.

அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்று வியாழன், அவருக்கு மெஷின் நாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு, "எழுந்திரிங்க, நேரமாச்சு" என்றேன். தாமதமாகப் போனால் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.