சிவப்புக் கோட்டில் நீ

அன்புள்ளவளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை விடு. முதியோர் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வாக்கியம் யாரைப் பற்றியதோ அது எழுவாய், அதன் அடியில் சிவப்புக் கோடு. அவரைப் பற்றிச் சொல்வது பயனிலை, நீலக் கோடு. வீட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அளவுகோல் வைத்தே கோடு போட்டேன்.

"தப்பே இல்ல சார். ஆனா சிவப்புல எல்லாமே உங்க வீட்டுக்காரம்மாதான். சமைக்கிறாங்க, துவைக்கிறாங்க... நீங்க என்னதான் பண்ணுவீங்க?" என்றார் டீச்சர்.

"அவரு கோடு போடுவாரு டீச்சர்!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் டிரைவர் ஒருவர். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன். சாதம் குழைந்துவிட்டது. 'நான் சமைக்கிறேன்' என்று எழுதினால் பொய்யாகுமா? நீ வந்து சாப்பிட்டுச் சொல்லும்வரை அந்த வரி பென்சிலில்தான் இருக்கும்.

இன்னும் உன் வீட்டுக்காரன்தானே,
நான்