திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் ஒரு வார்த்தை

அனுப்புநர்:
ரா. பரிமளா,
க/பெ. ராசாங்கம்,
மேலத்தெரு, மீன்சுருட்டி,
உடையார்பாளையம் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: தனியார் தொலைக்காட்சியின் குடும்பப் பேச்சு நிகழ்ச்சி – எங்கள் இளைய மகளின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்பட்ட உண்மையற்ற வார்த்தை – மீண்டும் ஒளிபரப்பாக இருப்பதை நிறுத்த வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் கணவர் ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு மலர்கொடி, சத்யா என்று இரண்டு பெண் பிள்ளைகள். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய குடிப்பழக்கத்தால் எங்களுக்குள் சண்டை வந்து, நான் பிள்ளைகளோடு தா.பழூரில் உள்ள என் தாய் வீட்டுக்குப் போய்விட்டேன். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. ஊர் முழுக்க ஏற்கெனவே பார்த்துவிட்டது.

அப்போது கலைச்செல்வன் என்பவர் என்னைத் தேடி வந்தார். டி.வி. நிகழ்ச்சிக்கு நம் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்து அனுப்புகிறவர் அவர். “கோர்ட்டு கேசுன்னு எதுக்குக்கா அலையுறீங்க. அங்க ஒரு மேடம் இருக்காங்க, ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசிச் சேத்து வச்சிடுவாங்க” என்றார். என் கணவரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். குடும்பப் படம் ஒன்று கேட்டார், கொடுத்தேன். சேர்ந்து வாழ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இருவரும் சம்மதித்து, தனித்தனியாகச் சென்னைக்குப் போனோம்.

அங்கே எங்களை ஒருவரையொருவர் பார்க்க விடவில்லை. பவுடர் பூசும் அறையில் நிகழ்ச்சிக்காரர் ஒருவர் என் கணவரிடம், “உங்க மனைவி உங்களப் பத்திச் சொன்னதெல்லாம் தெரியுமா? நீங்க ராத்திரி பகலா லாரியிலயே இருக்கறவரு. உங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லையா? மேடையில சும்மா உக்காந்திருந்தா தப்பெல்லாம் உங்க மேலதான்னு ஆயிடும்” என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விளக்கு வெளிச்சத்தில், அவ்வளவு பேர் முன்னிலையில், நான் அவருடைய குடியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து, “ரெண்டாவது புள்ள எனக்குப் பொறந்ததான்னே எனக்குத் தெரியல” என்றார். அதற்கு முன் எந்தச் சண்டையிலும், குடித்திருந்தபோதும்கூட, அவர் வாயில் வராத வார்த்தை அது. பார்க்க வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். நடத்துகிற அம்மையார் கோபப்படவில்லை. “அந்த கேமராவப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். என் கணவரும் சொன்னார். நான் சேலையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் என் கணவர் நடைவழியில் என்னைத் தேடி வந்தார். “வாயில வந்துட்டுது பரிமளா. மனசுல இல்ல. சாமி சத்தியமா இல்ல” என்று அழுதார். உடனே உள்ளே ஓடி, அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொல்லியும், தான் சொன்னது பொய் என்பதைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லியும் கெஞ்சியிருக்கிறார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோயம்பேட்டில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு பேசினோம். விடிந்ததும் இருவரும் சேர்ந்தே போய்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன்சுருட்டிக்கு வந்தோம். அன்றிலிருந்து அவர் குடிப்பதில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது அந்த நிகழ்ச்சி அல்ல என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் சண்டை முடிந்துவிட்டது. ஒளிபரப்பு முடியவில்லை. இதுவரை மூன்று முறை காட்டிவிட்டார்கள். “எனக்குத் தெரியல” என்று அவர் சொல்லும் இடத்தில் இசையைக் கூட்டி, நான் கொடுத்த படத்தில் சத்யாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.

இரண்டாம் முறை ஒளிபரப்பான அன்று என் கணவர் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனார். “இன்னிக்கு ஒரு மணி நேரம் அந்தச் சேனல மட்டும் போடாதீங்க” என்று கேட்டுக்கொண்டார். சிலர் நிறுத்திவிட்டார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். மூன்றாம் முறை, கேபிள் நடத்தும் முத்துவேல் எங்கள் நிலையைப் பார்த்து, அந்த நேரத்தில் அந்தச் சேனலை மட்டும் நிறுத்திவிட்டார். அதற்காக அவரை மேலிடத்தில் கண்டித்திருக்கிறார்கள். “இனிமே என்னால முடியாதுக்கா, தொழிலே போயிடும்” என்றார். அவர் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை.

சத்யா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், “அப்பா, என் காது ஒன் காது மாதிரியே இருக்குல்ல?” என்றாள். “அப்படியே உரிச்சு வச்சிருக்கு” என்று அவர் சொன்னார். மறுநாள் மூக்கைக் கேட்டாள். இப்போது எதுவும் கேட்பதில்லை. அவர் லாரியிலிருந்து இறங்கி வந்தால் முன்போல ஓடிப் போய் மேலே விழாமல், வாசற்படியில் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்த வார்த்தையைச் சொன்னவரே அதன்பின் எத்தனையோ முறை மறுத்துச் சொல்லிவிட்டார். பிள்ளையின் காதில் டி.வி. சொன்னதுதான் நிற்கிறது.

சென்னை அலுவலகத்துக்கு நாங்கள் போனபோது, வரவேற்பில் இருந்த பெண், “சம்மதிச்சுத்தானே வந்தீங்க” என்றார். உண்மைதான். நானும் அவரும் சம்மதித்தோம். சத்யாவை யாரும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சென்னையில் நடந்ததற்குத் தங்களால் ஒன்றும் செய்ய இயலாது, ஆட்சியர் ஐயாவிடம் போங்கள் என்றார்கள்.

இப்போது ‘மறக்க முடியாதவை’ என்ற பெயரில் வரும் ஞாயிறன்று மறுபடியும் காட்டப் போவதாக விளம்பரம் ஓடுகிறது. விளம்பரத்திலும் அதே வார்த்தைதான். பள்ளி திறந்து சில நாட்கள்தான் ஆகின்றன.

குடும்பங்களைச் சேர்த்து வைப்பது நல்ல வேலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆத்திரத்தில் ஒருவர் தவறாகப் பேசினால், கூட இருப்பவர்கள் வாயை மூடச் சொல்வார்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்ல மாட்டார்கள். அந்த நிகழ்ச்சியை நடத்துபவர்களுக்கு இந்தப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதைத் தாங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஆகவே, ஞாயிறு ஒளிபரப்பையும் விளம்பரத்தையும் தடுத்து நிறுத்தவும், இனி எக்காலத்திலும் எங்கள் பிள்ளையின் படத்தைக் காட்டாதிருக்க உத்தரவு பெற்றுத் தரவும் வேண்டுகிறோம். யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. நஷ்டஈடும் கேட்கவில்லை. சேனல், நிகழ்ச்சி இவற்றின் பெயர்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

இன்று மனு கொடுக்க நாங்கள் கிளம்பும்போது சத்யாவும் வருகிறேன் என்றாள். அழைத்து வரவில்லை. இவள்தான் அந்தப் பிள்ளை என்று தங்கள் முன்னாலும் ஒருமுறை அவளைக் காட்ட எங்களுக்கு மனமில்லை, ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) ரா. பரிமளா

மேலே எழுதியுள்ள அனைத்தும் உண்மை. சத்யா என் மகள்.

(ஒப்பம்) கோ. ராசாங்கம்

இடம்: பெரம்பலூர்
நாள்: 12.06.2006