கிழக்குத் தெரு வரைக்கும் போன குழாய்

மதினி,

தெருவை மறுபடியும் தோண்டுகிறார்கள். காவிரித் தண்ணீர் வரப்போகிறதாம். நீங்கள் போட்ட குழாய்க்குப் பக்கத்திலேயே பெரிய குழாய் இறங்குகிறது. காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், இடுப்பளவுப் பள்ளமும் அதன் கரையில் குவித்த ஈர மணலும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் சொன்னாலும், இத்தனை வருஷம் ஆகியுமா என்பார்கள். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் இந்த ஊருக்கு வந்தபோது, மேல்நிலைத் தொட்டி புதுச் சுண்ணாம்போடு நின்றது. நீங்கள் ஊராட்சித் தலைவர் ஆனபோது அதன் கால்களில் கம்பி தெரிந்தது. துருப்பிடித்த குழாயில் வந்த கொஞ்சத் தண்ணீரும் செங்கல்லைக் கரைத்த நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தால் கரித்தது. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் உங்கள் பெயரைக் கொடுத்தது அண்ணன்தான். கையெழுத்து உங்களுடையது, நாற்காலி தன்னுடையது என்று நினைத்திருந்தார். நீங்களோ ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடலாடி பஸ்ஸில் ஏறினீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி முன்னால் வைத்தீர்களாம். அவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனாலும் போவதை விடவில்லை.

போய்ப் போய்த்தான் ஒரு வழி பிறந்தது. புதுத் தொட்டிக்கும் குழாய்க்கும் அரசாங்கம் பெரும்பங்கு தரும், ஊர் தன் பங்கைப் போட வேண்டும் என்றார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் கருவேலங்கட்டையை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்த்த கூலியிலிருந்து தங்கள் பங்கை முதலில் கொண்டுவந்தார்கள். நம் தெருப் பெரியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மொத்தப் பங்கையும் நாமே போடுகிறோம், குழாய் நம் தெருக் கோயிலோடு நிற்கட்டும் என்றார்கள். நம் குழாயில் அந்தத் தெருப் பெண்கள் குடம் வைத்ததில்லை. அவர்கள் தெருவுக்கென்று குழாய் இருந்ததும் இல்லை. தீர்மானத்தை எழுதி உங்கள் முன்னால் வைத்தபோது, “பாதி ஊருக்குத் தண்ணி வாங்க நான் தலைவரு இல்ல” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினீர்கள்.

வேலை நின்றது. பழைய குழாயும் அந்தக் கோடையில் ஒரேயடியாக நின்றது. நாங்கள் வறண்ட ஓடை மணலில் ஊத்துத் தோண்டினோம். நாளாக ஆகத் தண்ணீர் கீழே போனது. குழி ஆள் ஆழத்தைத் தாண்டியது. உள்ளே ஒருத்தி இறங்கிச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவாள், மேலே ஒருத்தி கயிற்றைப் பிடித்து இழுப்பாள். அன்றைக்கு என் மகள் செல்வி இறங்கினாள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். கயிறு என் கையில் இருந்தது. முதல் குடம் மேலே வந்தது. இரண்டாவது குடத்துக்குக் கயிற்றை விட்டபோது குழியின் ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் சரிந்தது.

ஓடைக் கரையில் கரிமூட்டம் போட்டிருந்த கிழக்குத் தெரு ஆட்கள்தான் ஓடிவந்தார்கள். மண்வெட்டி பிள்ளைமேல் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினார்கள். தூக்கி வெளியே கிடத்தியபோது செல்வியின் தலைமுடியெல்லாம் ஈர மணல். நீங்கள் வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மணலை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். எவ்வளவு எடுத்தாலும் வந்துகொண்டே இருந்தது. யார் சொல்லியும் நீங்கள் நிறுத்தவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் உங்களைத்தான் பேசினார்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றார்கள். கிராமசபை கூடுவதற்கு முன்பு என் கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். “நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, அவ போட்டுருவா” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கூட்டத்தில் அதே தீர்மானம் உங்கள் முன்னால் கிடந்தது. பேனாவைத் திறந்து கையில் பிடித்திருந்தீர்கள். தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

என்ன சொல்லப் போகிறேன் என்று எழுந்து நின்றபோதும் எனக்குத் தெரியாது. கிழக்குத் தெரு ஆட்கள் ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒருவர் விரல்களில் துணி சுற்றியிருந்தார். அதைப் பார்த்ததும்தான் பேச்சு வந்தது.

“எம்பிள்ளையத் தோண்டித் தூக்குனது அவுக. நகம் பேந்து ரத்தம் வடியத் தூக்குனாக. அவுக வீட்டுக்குப் போகாத தண்ணி என் வாசலுக்கும் வேணாம்.”

சிலர் எழுந்து போனார்கள். நீங்கள் பேனாவை மூடிவிட்டு, அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை மதினி, பயம்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் ஊர் லேசில் மசியவில்லை. இன்னொரு கோடை போனது. ஒதுக்கிய நிதி வேறு ஊருக்குப் போய்விடும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் இரண்டு தெருப் பங்கும் ஒன்றாகச் சேர்ந்தது. தண்ணீர் திறந்த நாளில் உங்களுக்கு மாலை போட வந்தார்கள். நீங்கள் ஓடைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏன் போனீர்கள் என்று நான் கேட்டதில்லை.

உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டு மதுரைக்கும் ஊருக்கும் அலைந்த நாட்களில் நான்தான் துணைக்கு வந்தேன். ஒரு மத்தியானம், பஸ் மானாமதுரையைத் தாண்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டீர்கள்.

“மொதல்லயே கையெழுத்துப் போட்டிருந்தா செல்வி இருந்திருப்பாள்ல?”

இல்லை, குழாய் வர எப்படியும் அடுத்த கோடை ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை நானும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தெரியல மதினி” என்றேன்.

நீங்கள் என் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். பரமக்குடி வரைக்கும் விடவில்லை. அடுத்த தை மாதம் பிறக்கும்போது நீங்கள் இல்லை.

அதுவரை அந்தக் கேள்விக்கு நாம் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்தி. சில சாயங்காலங்களில் கிழக்குத் தெரு வரைக்கும் நடந்து போகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டியபடியே குழாயடியில் குனிந்து, கையில் ஏந்தித் தண்ணீர் குடிக்கிறார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நீங்கள் செய்தது சரிதான் என்று தெரிகிறது.

வீட்டுக்குத் திரும்பினால் செல்வி இல்லை.